இரண்டு முறை சேர்ந்த உதடு

மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கவிழ்த்துவைக்கும் சத்தமும் ஓய்ந்த பிறகு, தையல்நாயகி ஒரு தட்டு நிறைய மொச்சைக்காயோடு ஜன்னலோரம் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு பேச ஆரம்பித்தாள். எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் இருந்த மாசிலாமணி மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். டப்பென்று ஒரு காய் உடைந்தது, மொச்சை என்று தெரிந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் கடக்கென்றது, அதன் மூடி கழன்றிருக்கிறது என்று தெரிந்தது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் இருமியது, மாடியில் யாரோ கட்டிலை இழுத்தார்கள், காக்கை தகரத்தில் நடந்தது, எல்லாம் அதனதன் பெயரோடு உள்ளே வந்தன. அவள் பேச்சு மட்டும் பெயரில்லாமல் வந்தது. அவள் குரல் என்று தெரிந்தது, ஆயிரம் குரலுக்கு நடுவில் பிரித்துவிடலாம், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, வாக்கியத்தின் கடைசியில் தேய்ந்துபோகும் குரல். ஏறுவது தெரிந்தது, இறங்குவது தெரிந்தது, கேள்வியா இல்லையா என்பதுகூடத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டில் பேசுகிறவர்களின் பேச்சைப் போல, ராகம் மட்டும் வந்துசேர்ந்தது. சுவர்தான் எங்கும் இல்லை. நடுவில் இருந்தது ஏழடி தூரம், ஒரு பாய், வெயில். காட்டூரில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷம் இந்த ஏழடியைத் தாண்டி அவள் சொன்னதெல்லாம் தடங்கலில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது, அவர்தான் வாங்கிக்கொள்ளவில்லை. வந்த காலத்தில் என்ன சொன்னாள்? ஒன்றுகூட நினைவில்லையே. கேஸ் தீர்ந்துவிட்டது என்றாள், மகன் பூவண்ணன் போன் செய்தான் என்றாள், முட்டி வலிக்கிறது என்றாள். வேறே? வேறே எதுவோ சொல்லியிருப்பாள். பத்து வருஷம் ஒருத்தி முட்டிவலியை மட்டுமா சொல்லிக்கொண்டிருப்பாள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாயோரம் தண்ணீர் ஒழுகியது. அவ்வளவுதான் ஞாபகம். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது நர்சுகள் இரண்டு பேர் அவர் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், என்ன பாஷை என்று பிடிபடவில்லை. மலையாளமாக இருக்கும் என்று நினைத்தார், நர்சுகள் மலையாளிகளாக இருப்பதில் ஆச்சரியம் என்ன. கொஞ்சம் கேட்டுப் பார்த்தார், மலையாளமும் இல்லை. வடக்கே எங்கிருந்தோ வந்த பிள்ளைகள் பாவம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்துகொண்டு தையல்நாயகி வந்தாள், அழுது வீங்கிய முகத்தோடு அவர் கையைப் பிடித்தாள், பிடித்துக்கொண்டு அதே வடக்கத்திப் பாஷையில் அவரிடம் பேசினாள். அந்த நிமிஷத்தில் உண்டான பயம் இன்னும் போகவில்லை. இவள் எப்போது இதைக் கற்றாள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் மகன் வந்தான், அவனும் அதையே பேசினான். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதிக் காட்டினாள், எழுத்து எழுத்தாகவே இருந்தது, படிக்க முடிந்தது, அப்பாடா என்றிருந்தது. ‘உங்கள் காது நன்றாக இருக்கிறது. பேச்சும் எழுத்தும் நன்றாக இருக்கின்றன. கேட்கும் சத்தத்தைச் சொல்லாகப் பிரிக்கும் இடம் மட்டும் மூளையில் அடிபட்டிருக்கிறது.’ அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி. ‘பேசுகிறவர் உதட்டைப் பாருங்கள். மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முன்னால் தெரிந்தால் கொஞ்சம் கொஞ்சம் புரியும்.’ மாசிலாமணி பதில் சொல்ல வாயைத் திறந்தார், தன் வாயிலிருந்து வந்ததும் அதே வடக்கத்திப் பாஷையாகத் தன் காதில் விழுந்ததைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். மனசுக்குள் தமிழாக இருக்கிறது, பல்லைத் தாண்டியதும் வேறாகிவிடுகிறது. கனவில் எல்லோரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள். விழித்தால் போய்விடுகிறது. அன்றிலிருந்து அவர் பேசுவது குறைந்துபோனது. சரியாகத்தான் சொன்னோமா என்று தெரியாமல் ஒருவன் எவ்வளவுதான் பேச முடியும்.

அதுவும் அவருக்கா வர வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் காதால் பிழைத்தவர். புதுக்கோட்டை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால், ஊர் ஊராக விளக்கு மினுக்கும், கயிற்றை இழுத்து ஓட்டையில் சொருகினால் ஒரு ஊர் இன்னொரு ஊரோடு பேசும். மழை நாளில் கம்பியில் பாதிப் பேச்சு கரைந்துவிடும். இந்தப் பக்கத்துக்காரர் ஹலோ ஹலோ என்று கத்துவார், அந்தப் பக்கத்துக்காரரும் அதையே கத்துவார். நடுவில் உட்கார்ந்திருக்கும் மாசிலாமணிக்கு மட்டும் இரண்டும் கேட்கும். அவர் அங்கே சொன்னதை இங்கே சொல்வார், இங்கே சொன்னதை அங்கே. மாசிலாமணி டூட்டி என்றால் லைன் கெட்டாலும் சேதி கெடாது என்று ஆபீசில் பேச்சு. எப்படிப்பா உனக்கு மட்டும் கேட்குது என்று கேட்பார்கள். அவருக்குத்தான் தெரியும், கேட்பதில் பாதிதான் காது. கம்பி வழியாக வருவது ஒரு ‘கல்’, ஒரு ‘ணம்’, நடுவில் இரைச்சல், அதைக் கல்யாணம் என்று ஆக்குவது உள்ளே இருக்கும் ஆள். அந்த ஆள் எதிர்பார்த்ததைத்தான் கேட்பான். ஒரு தடவை, அறந்தாங்கியிலிருந்து ஒருவர் ‘அம்மா இறங்கிட்டாங்க’ என்று சொல்லச் சொன்னதை, இங்கே காத்திருந்த மகனிடம் மாசிலாமணி ‘அம்மா இறந்துட்டாங்களாம்’ என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் ரிசீவரை வைக்காமலே அழுதது ஹெட்செட்டில் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி லைன் பிடித்தபோது, அந்த அம்மாளே பேசினாள், பஸ்ஸைவிட்டு இறங்கிப் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டதாக. காலையிலிருந்து நாலு சாவுச் சேதி வந்திருந்தது, அதனால் காதில் ஐந்தாவதும் அப்படியே விழுந்தது. அன்று வீட்டுக்குப் போய் இதைத் தையல்நாயகியிடம் சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. வீட்டில் அவர் பேசுவதும் இல்லை, பேசவிடுவதும் இல்லை. நாள் முழுக்க ஊரான் பேச்சைக் கேட்டுவிட்டு வருகிறேன், வீட்டிலாவது சத்தமில்லாமல் இருக்கட்டும் என்பார். அவள் டம்ளரைக்கூடச் சத்தம் வராமல் வைக்கப் பழகியிருந்தாள்.

இப்போது அவள் சத்தமாகப் பேசுகிறாள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசுகிறாள். அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டு படிப்பாள், அதற்கு மேல் எழுத்து அவளுக்கு ஏறவில்லை. பெங்களூரில் இருக்கும் பூவண்ணன் வெள்ளைப் பலகை ஒன்று வாங்கித் தந்துவிட்டுப் போனான், அதில் அவள் ‘மாத்ர’ என்று எழுதுவாள், ‘பால்’ என்று எழுதுவாள், கோபம் வந்தால் ஒன்றும் எழுதாமல் பலகையைத் திருப்பிவைப்பாள். மகன் அப்பாவுக்கு போனில் தமிழில் தட்டி அனுப்புவான். அம்மாவிடம் வாயால் பேசுவான். அவர்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தால், அவனே நடுவில் உட்கார்ந்து இங்கே சொன்னதை அங்கே சேர்ப்பான். தொழில் மகனுக்குப் போய்விட்டது என்று மாசிலாமணிக்கு ஒருநாள் தோன்றியது, சிரிப்பு வரவில்லை. மகன் ஊருக்குப் போனால் இருவரும் ஜாடையில் பிழைத்தார்கள். சாப்பாட்டுக்குக் கையை வாயில் வைத்துக் காட்டினால் போதும், மருந்துக்கு உள்ளங்கை, கடைக்குப் பை. நாற்பத்து மூன்று வருஷக் குடும்பத்தில் தேவைப்படுகிற பேச்சு இவ்வளவுதானா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் மதியம் சாப்பிட்ட பிறகு இந்த ஒரு மணிநேரம் ஜாடை கிடையாது. மொச்சையோ கீரையோ பூண்டோ, கைக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் பேசுவாள். முதலில் அவருக்கு எரிச்சலாக இருந்தது. புரியாதவன் என்று தெரிந்தும் ஏன் பேசுகிறாள். பிறகு பழகிவிட்டது, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, அதில் தூக்கம்கூட வந்தது. விலைவாசி சொல்வாள், எதிர்வீட்டுக்காரியைத் திட்டுவாள், தனக்குள் பேசிக்கொள்கிற பழக்கம் வயசானால் வருவதுதானே என்று விட்டுவிட்டார்.

இன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, இந்த இடத்தில் அவள் மூக்கை உறிஞ்சப்போகிறாள் என்று தோன்றியது, உறிஞ்சினாள். இப்போது கொஞ்சம் நிறுத்துவாள் என்று தோன்றியது, நிறுத்தினாள். அடுத்தது வேகமாக, மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு ஓட்டம் வரும், வந்தது. மாசிலாமணி கண்ணைத் திறந்தார். அதெப்படித் தெரிந்தது? சொல் போனாலும் ராகம் போகவில்லையே, ராகத்துக்கு அவர் காது பழைய காதுதானே. நேற்றும் இதே ஓட்டம் வந்தது. நேற்று பூண்டு உரித்தாள். முந்தாநாளும். விலைவாசி தினம் ஒரே ராகத்தில் வருமா? எதிர்வீட்டுக்காரியைத் தினம் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே இடத்தில் மூக்கை உறிஞ்சியா திட்டுவார்கள்? மெதுவாகத் தொடங்குகிறது, ஒரு இடம் வரை படியிறங்குவது போல இறங்குகிறது, ஓடுகிறது, பிறகு சின்னதாக ஒரு வாக்கியம், மூன்று தரம் அதே வாக்கியம். அப்புறம் கையில் இருக்கும் வேலையைப் பற்றிய வேறு குரல், உண்மையான விலைவாசிக் குரல். அவர் விரலை மடக்கி எண்ண முயன்றார், எத்தனை நாளாக? அவருக்குத் தெரிந்து ஆவணியில் மழை பெய்த ஒரு மதியத்திலும் இந்த மூன்று தரம் இருந்தது. ஆக இது கதை. ஒரே கதை. ஒருத்தி தினமும் ஒரே கதையை, கேட்கத் தெரியாத ஒருவன் இருக்கும் அறையில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறாள். என்ன கதை என்று யோசிக்கும்போதே, யோசிக்காதே என்று உள்ளே ஏதோ தடுத்தது. அவர் மின்விசிறியைக் கவனிக்க முயன்றார். கடக். கடக்.

அந்த நேரம் கரண்ட் போனது. விசிறி இரண்டு மூன்று சுற்று சும்மா சுற்றி நின்றது, பிரிட்ஜின் முனகல் அடங்கியது, வீடே ஒரு மூச்சை விட்டது மாதிரி ஆயிற்று. தையல்நாயகி பேச்சை நிறுத்தாமலே திரும்பி விசிறியை அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் பக்கவாட்டில் விழுந்தது. அவள் உதடு இரண்டு முறை சேர்ந்தது. சேர்ந்து, அகலத் திறந்து, சேர்ந்து, மறுபடி அகலத் திறந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். இரண்டு முறை. ‘ப’வாக இருக்கலாம், ‘ம’வாக இருக்கலாம், உதட்டைப் பார்த்துப் படிக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான், எட்டு மாசத்தில் அவர் கற்ற பாடம் அது. ‘பால்’ என்றாலும் ‘மால்’ என்றாலும் உதடு ஒரே மாதிரிதான். அப்படியானால் பாப்பா. தெருவில் எந்தப் பாப்பாவையாவது பற்றிச் சொல்லியிருப்பாள். அல்லது மாமா, அவள் தாய்மாமன் இறந்து எவ்வளவு காலம் ஆகிறது, அவர் கதையாக இருக்கும். அல்லது அம்மா. அம்மா என்றால் முதலில் வாய் திறந்திருக்க வேண்டும், முதலில் சேர்ந்ததைத்தான் பார்த்தேன். ஆகவே அம்மா இல்லை. பாப்பா, மாமா. மாமா, பாப்பா. அவர் இந்த இரண்டையும் மாறிமாறி எடுத்துவைத்துப் பார்த்தார், மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று தெரிந்தே பார்த்தார். வேண்டாம். பாப்பாதான். எதிர்வீட்டு மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதே, அந்தப் பாப்பாதான். எதிர்வீட்டுப் பாப்பாவுக்காக ஒருத்தி ஆவணியிலிருந்து மூக்கை உறிஞ்சுவாளா? முதலில் ‘ப’, அப்புறம் ‘ம’. பாமா.

அந்தப் பெயரை அவர் மனசுக்குள்கூடச் சொல்லி முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, வீட்டுக்குள் வந்து நின்று, இனிமேல் இந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று சொன்னார். யாரும் என்றால் யார், அவள் ஒருத்திதான் இருந்தாள். சரிங்க என்றாள். எடுக்கவில்லை. அப்புறம் பூவண்ணன் பிறந்தான், அவனுக்கே ஒரு அக்கா இருந்தது தெரியாது. மூன்று வயசு முடியவில்லை பாமாவுக்கு. தண்ணியை அண்ணி என்பாள். அவர் டூட்டிக்குக் கிளம்பினால் அப்பா அலோ போயித்து என்பாள். சொல்லெல்லாம் நினைவிருக்கிறது, குரல் இல்லை. நூற்றுக்கணக்கான ஊரான் குரலை இன்னும் வைத்திருக்கும் மண்டையில் அந்தக் குரல் இல்லை, எவ்வளவு தேடினாலும் அண்ணி என்பது அவர் குரலில்தான் கேட்கிறது. அது ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி டூட்டி முடிந்து காலையில் வந்து படுத்தார். இன்னொருவருக்காகச் சாயங்கால டூட்டியையும் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தார், மூன்று மணிக்கு எழுந்து சாப்பிட்டுக் கிளம்பினார். பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள் என்று அவள் சொன்ன ஞாபகம். ஆறு மணிவாக்கில் பலகை முழுக்க விளக்கு, பின்னால் மேலதிகாரி நிற்கிறார், பக்கத்து ஆபரேட்டர், ‘மாசிலாமணி, உங்க வீட்டுக்காரம்மா மருந்துக்கடையிலேர்ந்து’ என்று லைனைத் தள்ளினார். என்னங்க, என்றாள். அந்த ஒரு சொல்தான். டூட்டியில் இருக்கேன், வீட்டுக்கு வந்து பேசிக்கலாம் என்று கயிற்றை உருவிவிட்டார். தமிழ்நாட்டின் பாதி லைனில் பாதிப் பேச்சை வைத்து முழுசைப் பிடித்தவர், அவள் சொல்ல வந்ததில் ஒரு சொல்லோடு நிறுத்தினார். பத்து மணிக்கு வீடு வந்தபோது தெருவே வாசலில் நின்றது. மூளைக்காய்ச்சல் என்றார்கள், ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். லைனை உருவாமல் இருந்திருந்தால், ஆபீஸ் ஜீப்பைக் கேட்டிருக்கலாம், தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கலாம். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக இன்றைக்குக் கேட்பாள், நாளைக்குக் கேட்பாள் என்று இருந்தவர், அவள் வாய் திறந்தாலே சத்தம் போடாதே என்றார்.

எதைப் பற்றி என்று தெரிந்தால் கொஞ்சம் புரியும் என்று டாக்டரம்மா எழுதியது பொய்யில்லை. தெரிந்த மாத்திரத்தில் ஜன்னலோரத்துச் சத்தம் கலங்கி, கலங்கி, சொல்லாகப் பிரியத் தொடங்கியது. மருந்துக்கடை, என்று கேட்டது. கையெல்லாம் நடுங்குச்சு, என்று கேட்டது. நீங்க வச்சிட்டீங்க. நீங்க லைன வச்சிட்டீங்க. அந்த மூன்று தரம் வந்தது, அதே சின்ன வாக்கியம், நீங்க வச்சிட்டீங்க, நீங்க வச்சிட்டீங்க. எட்டு மாசத்துக்குப் பிறகு மனைவி பேசியது புரிகிறது, புரிந்த முதல் வாக்கியம் இது. நியாயம்தான். வரவேண்டியதுதான் வந்திருக்கிறது. அப்படியே நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவருக்குக் கொஞ்சம் பொறுத்து ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் குரலில் கோபம் எங்கே? குற்றம் சொல்கிற வாக்கியம் மேலே ஏறும், அவள் வாக்கியம் கீழே இறங்கியது. ராகத்தில் பிசகமாட்டேனே. அவள் சொன்னதைக் கேட்டேனா, அவள் சொல்வாள் என்று இத்தனை காலம் காத்திருந்ததைக் கேட்டேனா? காதுக்கு வந்தது என்ன, உள்ளே இருக்கிற ஆள் சேர்த்தது என்ன? பிரித்துப் பார்க்க வழியில்லை, இரண்டும் ஒரே மண்டைக்குள் ஒரே குரலில் கேட்கிறது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவளைத் திருப்பி உட்காரவைத்து, உதட்டைப் பார்த்து. கேட்டால்? புரியாதவன் என்று நம்பித்தானே சொல்கிறாள். புரிகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். இந்த ஒரு மணிநேரமும் போய்விடும், பலகையைத் திருப்பிவைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிடுவாள், மிஞ்சியிருக்கும் காலத்துக்கும் சோறும் மாத்திரையும்தான். கேட்காவிட்டால் நாளைக்கும் சொல்வாள், மறுநாளும் சொல்வாள், அவரும் தூங்குகிற மாதிரி இருந்து கேட்கலாம், நீங்க வச்சிட்டீங்க என்று தினமும் கேட்டுக்கொள்ளலாம், அது அவள் சொன்னதாக இல்லாமலேகூட இருக்கலாம். அப்படி ஒரு நாள் அவள் போய்விடலாம், அல்லது அவர். காய் ஒன்று டப்பென்று உடைந்தது. அவள் விலைவாசிக் குரலுக்கு வந்துவிட்டாள். கதை முடிந்துவிட்டது. விட்டால் நாளைக்குத்தான்.

“நாயகி,” என்றார். தன் குரல் அறையில் ஏதோ ஒரு சத்தமாகப் போய் விழுந்தது. “பாமாவைப் பத்தித்தானே சொல்ற?”

அவள் கை காயோடு நின்றது. முதுகு அசையவில்லை. சொன்னது சரியாக வந்ததா, வேறெதையோ உளறிவிட்டேனா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகத் திரும்பினாள். அழுத முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தார், காய்ந்துதான் இருந்தது. பிடிபட்டவளைப் போலப் பார்த்தாள். பிறகு வேகமாக ஏதோ சொன்னாள், கையை ஆட்டி, இல்லை இல்லை என்கிற மாதிரி. அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், பாயில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முட்டி மடங்க நேரம் பிடித்தது. கோபம் இல்லை என்றும், நிறுத்த வேண்டாம் என்றும், அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தன் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல் என்றும் சொன்னார். மடியில் விழுந்திருந்த தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். பிறகு சொன்னாள். உதடு குவிந்தது, திறந்தது, சேர்ந்தது, கடைசியில் குவிந்து மூடியது. வச்சிட்டீங்க என்பதில் உதடு சேரவே சேராதே. “மறுபடி,” என்றார். மறுபடி சொன்னாள். “அனுப்பியிருக்கணும்?” என்று கேட்டார். “யாரை, எங்க அனுப்பியிருக்கணும்?” அவள் தலையை ஆட்டினாள். மூன்றாம் தரமும் சொல்லிப் பார்த்து, அவர் முகத்தில் வெளிச்சம் வராததைக் கண்டு, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். தூக்கம். அவரை நோக்கி விரலை நீட்டினாள். பிறகு கையை நீட்டி அவர் தோளைப் பிடித்து, மெதுவாக, பிறகு பலமாக, இரண்டு மூன்று தரம் உலுக்கினாள்.

எழுப்பியிருக்கணும். உங்கள எழுப்பியிருக்கணும்.

“காலையிலயே காய்ச்சலா?” என்று கேட்டார். ஆமாம் என்றாள். நெற்றியில் கை வைத்துச் சுட்டுக்கொண்டதுபோல எடுத்தாள். தோளில் போட்டுக்கொள்கிற மாதிரி காட்டி, ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டி, விரலால் நடந்து காட்டினாள், இந்தக் கோடி, அந்தக் கோடி, இந்தக் கோடி. வாயில் விரல் வைத்துக் காட்டினாள், அழாதே, அப்பா தூங்குகிறார். அவருக்கு அந்த வெள்ளிக்கிழமைக் காலை முதல் தடவையாகத் தெரிந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார், நல்ல தூக்கம், எந்தச் சத்தமும் இல்லாத தூக்கம். வெளியே வெயிலில் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருபத்து நாலு வயசுக்காரி ஒருத்தி தெருவில் இங்கும் அங்கும் நடந்தாள், ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வந்தவரை எழுப்பினால் கத்துவார் என்று. மூன்று மணிக்கு அவர் சாப்பிட்டபோதும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்து சோறு போட்டாள். தான் லைனை உருவிவிட்டதை அவர் அப்போது சொன்னார், நீ போன் பண்ணினப்ப வச்சிட்டேன், அதைத்தான் நீ தினம் சொல்றியோன்னு நினைச்சேன் என்றார். அவள் புருவத்தைச் சுருக்கினாள், ஞாபகப்படுத்திப் பார்க்கிறவள் மாதிரி. பிறகு அதுவா என்பதுபோலப் புறங்கையால் தள்ளிவிட்டாள். அவள் கதையில் அது இல்லவே இல்லை.

ஆறுதல் சொல்ல வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. உன்மேல் என்ன தப்பு என்று சொல்லலாம், விதி என்று சொல்லலாம். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசக் கிடைத்த வாயால் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

“எழுப்பியிருந்தா கத்தியிருப்பேன், நாயகி,” என்றார். “கத்திட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன்.”

அவர் காதில் அதுவும் வெறும் சத்தமாகத்தான் விழுந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்துவிட்டது அவள் முகத்தில் தெரிந்தது. அப்படியெல்லாம் இல்லீங்க என்று அவள் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள். ஆட்டிய தலை நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது, அப்போதுதான் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார், பாயில் உட்கார்ந்திருந்தவருக்கு எட்டியது அதுதான். மேலே யாரோ மறுபடி கட்டிலை இழுத்தார்கள். கரண்ட் வரவில்லை, வேர்த்துக்கொட்டியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தட்டைத் தள்ளிவைத்தாள். முக்காலியை நகர்த்தி, வெளிச்சம் தன் வாயில் விழுகிற மாதிரி திரும்பி உட்கார்ந்து, அவர் பார்க்கிறாரா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. அவள் மேற்பல் கீழுதட்டில் பட்டது, நாக்கு மடிந்தது, கடைசியில் உதடு மூடித் திறந்தது. வெள்ளிக்கிழமை, என்று அவர் திருப்பிச் சொன்னார். அவள் மேலே சொன்னாள்.